‘நான்’ என்பது ‘இது’ ஆன நாள்: கையெழுத்தில்லாத ஒரு சீட்டு

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் ஒரு வீட்டில், பின்னாளில் ரமண மகரிஷி ஆகப்போகிற 16 வயதுப் பையன் ஒருவன் தண்டனைப் பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பெயின் என்பவருடைய ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை ஆகிவிட்டது. மூன்றாவது தடவையின்போது நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு எரிச்சல். இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை சொன்னார். ‘இதெல்லாம்’ என்பதில் வீடு, படிப்பு, புத்தகம் எல்லாம் அடக்கம்.

பையன் எழுந்தான். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்றான். பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் வழியில் தன் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார். திருவண்ணாமலைக்குப் போக மூன்று ரூபாய் போதும் என்பது பையனின் கணக்கு. மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு ஒரு சீட்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அந்தச் சீட்டைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆனாலும் தமிழ் தெரிந்தவர் அதை ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். முதல் வாக்கியம் ‘நான்’ என்று தொடங்குகிறது: தன் தகப்பனாரைத் தேடிக்கொண்டு, அவருடைய உத்தரவுப்படி இவ்விடத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் எழுவாய் மாறிவிடுகிறது. “இது நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது.” நான் பிரவேசித்திருக்கிறேன் என்று இல்லை. ஒருவரும் விசனப்பட வேண்டாம், தேடுவதற்குப் பணம் செலவு செய்ய வேண்டாம் என்கிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘இப்படிக்கு’ என்ற சொல்லுக்குப் பின் வெறும் ஒரு கோடு. பெயர் இல்லை.

‘நான்’ இருந்தது, ‘இது’ ஆயிற்று, பிறகு கோடாகிவிட்டது. சில வரிகளுக்குள் ஒரு தத்துவ நூலே நடந்துவிட்டது என்று பக்தர்கள் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சாதாரணமான ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊர் இழவு வீடுகளில், மூச்சு நின்ற அரைமணி நேரத்துக்குள் பேச்சு மாறிவிடும். அதுவரை அப்பா, மாமா, சார், முதலாளி என்று பத்து அழைப்புகள் இருந்த ஆள், “எப்போது எடுக்கிறார்கள்?” என்ற கேள்வியில் எழுவாயே இல்லாமல் போய்விடுகிறார். ஒருவரை ‘இது’ ஆக்குவதற்குச் சாவு வர வேண்டியிருக்கிறது. அதையும் மற்றவர்கள்தான் செய்கிறார்கள். இந்தப் பையன் உயிரோடு இருக்கும்போதே, தன் கையாலேயே அதைச் செய்துவிட்டான்.

அதற்கு ஒத்திகையும் பார்த்திருந்தான். ஆறு வாரங்களுக்கு முன், ஜூலை மாதத்தில், சித்தப்பா வீட்டு மாடியறையில் தனியாக இருந்தபோது காரணமே இல்லாமல் மரண பயம் பிடித்துக்கொண்டது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. யாரையும் கூப்பிடாமல் தரையில் நீட்டிப் படுத்தான். கைகால்களை விறைக்க வைத்தான். உதட்டை இறுக மூடி மூச்சை அடக்கிக்கொண்டான். பிணமாக நடித்தான் என்றே சொல்லலாம். இந்த உடம்பைத் தூக்கிப்போய் எரித்துச் சாம்பலாக்கிவிடுவார்கள், அதோடு ‘நான்’ முடிந்துவிடுமா என்று பார்த்தான். முடியவில்லை என்பது அவனுக்கு ஊகமாக இல்லை, நேராகவே தெரிந்தது என்று பின்னாளில் சொன்னார்.

மேலே ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ‘அவனுக்கு’ என்று தொடங்கிச் ‘சொன்னார்’ என்று முடித்திருக்கிறேன். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்து, சில காலம் பிராமண சுவாமி என்று அழைக்கப்பட்டு, 1907-இல் கணபதி முனிவர் இட்ட பெயரால் ரமணர் ஆனார். பையனுக்கு ‘அவன்’, மகரிஷிக்கு ‘அவர்’. தமிழில் இதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. வினைமுற்றிலேயே வயது ஏறிக்கொள்கிறது. பால் ஏறிக்கொள்கிறது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. முன்னிலையும் அப்படித்தான்: நீ, நீர், நீங்கள், தாங்கள். ஒருவரைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் அவர் நமக்கு என்ன வேடம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

தன்மை ஒருமையில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. ‘வந்தேன்’ என்பதை ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும், ஐந்து வயதுக் குழந்தை சொன்னாலும் அதன் பாட்டி சொன்னாலும் ஒரே வடிவம்தான். காலையில் மகள், பத்து மணிக்குக் கிளார்க், மாலையில் அண்ணி, இரவில் அம்மா என்று ஒரு பெண் எத்தனை பேராக இருந்தாலும் ‘நான்’ என்று தொடங்கும்போது அவற்றில் ஒன்றுகூட ஒட்டிக்கொண்டு வருவதில்லை. வேடம் ஏறாத ஒரே இடத்தை நம் இலக்கணம் விட்டுவைத்திருக்கிறது. அந்த இடத்துக்கு அது வைத்திருக்கும் பெயர் ‘தன்மை’. இயல்பு என்ற பொருளிலும் அதே சொல்தான்.

இந்தச் சிலேடையை ரமணர் விடவில்லை. 1928-இல் வெண்பாக்களாகச் செய்த உள்ளது நாற்பதில் 14-ஆவது பாட்டு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. தன்மை இருந்தால்தான் முன்னிலையும் படர்க்கையும் உண்டு. அந்தத் தன்மையின் உண்மை என்ன என்று தானே ஆராய்ந்தால் அது கரைந்துபோகும். கூடவே முன்னிலையும் படர்க்கையும் முடிந்து, ஒன்றாக ஒளிரும் தன்மையே தன் நிலைமை என்று பாட்டு முடிகிறது. பாட்டின் தொடக்கத்துத் ‘தன்மை’ இலக்கணத் தன்மை. கடைசியில் வருவது இயல்பு. வேறு எந்த மொழியில் பெயர்த்தாலும் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். மூன்றாம் தடவை எழுதாமல் விட்ட இலக்கணப் பாடத்தை 32 ஆண்டுகள் கழித்து எழுதி முடித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் சொன்ன வழிமுறையின் வாசகம் சிறியது. 1902 வாக்கில் திருவண்ணாமலை மலைமேல் விருபாட்ச குகையில் அவர் பேசாமலிருந்த காலத்தில், தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்து ‘நான் யார்?’ என்று கேட்டார். எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னர் 1923-இல் அச்சாகி, இன்று அந்தப் பெயரில் கிடைக்கும் சிறு நூலின் வித்து. உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல, நினைக்கும் மனமும் நானல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும் பகுதியைத்தான் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைவிட முக்கியமானது வேறொன்று. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று கேட்க வேண்டும். ‘எனக்கு’ என்று பதில் வரும். அந்த ‘எனக்கு’ எங்கிருந்து வருகிறது என்று அங்கேயே நிற்க வேண்டும். ‘நானே பிரம்மம்’ என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருப்பது இது இல்லை. அது இருக்கிற வேடங்களோடு இன்னொரு வேடத்தைச் சேர்ப்பதுதான். அதுவும் கழற்றக் கடினமான வேடம்.

ரமணர் நின்ற அத்வைத மரபு, உயிரும் இறையும் இரண்டல்ல என்னும் மரபு, தன் பக்கத்துக்கு எப்போதும் அழைக்கும் சாட்சி, தூக்கம். பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்கிய உபநிடதம் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்று மூன்றையும் பிரித்து, மூன்றுக்கும் அடியில் நாலாவதாக ஒன்றைச் சொல்கிறது. விழிப்பில் நான் அதிகாரி. கனவில் பரீட்சை ஹாலுக்கு வழி தெரியாமல் தவிக்கும் மாணவன். கனவில்லாத உறக்கத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பெயரும் இல்லை, கடனும் இல்லை. ஆனால் காலையில் எழுந்து, “சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை” என்கிறோம். ஒன்றும் தெரியாமலிருந்தது என்பது யாருக்குத் தெரிந்தது?

இந்த வாதம் கேட்கும்போது அடித்துப்போட்டுவிடும். யோசித்தால் அவ்வளவு இறுக்கமாக இல்லை. கடிகாரத்தைப் பார்த்தும், உடம்பின் தெளிவைக் கொண்டும் நன்றாகத் தூங்கியிருக்கிறோம் என்று எழுந்த பிறகு ஊகிக்கலாமே, அதற்குச் சாட்சி எதற்கு? பௌத்தர்கள் இந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்களும் வேடங்களை உரித்தார்கள், அதே கத்தியால், அதே பொறுமையோடு. கடைசியில் எதுவும் மிஞ்சாது என்றார்கள். பாலிச் சூத்திரங்களில் வரும் உவமை நமக்கு நன்றாகவே புரியும்: வைரம் பாய்ந்த கட்டை வேண்டும் என்று ஒருவன் வாழை மரத்தை வெட்டி, மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போகிறான்; மரக்கட்டை என்று அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. உள்ளே தண்டு இருக்குமே என்று நம் வீட்டுச் சமையல்காரர் கேட்பார். குலை தள்ளிய வாழையில் இருக்கும், தள்ளாததில் இருக்காது. இரண்டு மரபுகளும் வெவ்வேறு பருவத்து வாழையை உரித்திருக்கலாம் என்று நான் சில சமயம் வேடிக்கையாக நினைப்பதுண்டு.

மிஞ்சுவது ஒன்று உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தெய்வம் என்று ஏன் சொல்ல வேண்டும்? மாறும் வேடங்களுக்கு அடியில் மாறாத ஒரு அறிவு இருக்கிறது என்பது ஒரு கூற்று. அந்த அறிவுதான் சிவம் என்பது இன்னொரு கூற்று. சொற்பொழிவு மேடைகளில் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை ஒரே தாவில் தாண்டிவிடுகிறார்கள். தமிழில் நடந்த பெரிய சண்டையே அந்தப் பள்ளத்தில்தான் நடந்தது.

திருமூலர் தாண்டுகிறவர். ‘சீவன் எனச் சிவன் என்ன வேறில்லை’ என்று தொடங்கும் மந்திரத்தில், சீவனார் சிவனாரை அறிவதில்லை, அறிந்தபின் சீவனார் சிவனாகிவிட்டிருப்பார் என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே ‘ஆர்’ விகுதி கொடுத்து ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கும் குறும்பைக் கவனிக்க வேண்டும். மரத்தை மறைத்தது மாமத யானை என்ற பாட்டும் அவருடையதே. தச்சன் செய்த மரயானையைப் பார்த்துக் குழந்தை யானை என்று பயப்படுகிறது. தச்சனின் கண்ணுக்கு அது தேக்கா வேங்கையா என்பது மட்டும்தான் படுகிறது. இங்கே யானை பொய் என்று திருமூலர் சொல்லவில்லை. யானை மரத்தில் மறைந்தது என்றுதான் சொல்கிறார். பொம்மையை உடைத்தால்தான் மரம் தெரியும் என்று எந்தத் தச்சனும் நினைப்பதில்லை.

மெய்கண்டார் வழிச் சைவ சித்தாந்தம் இங்கே கையைப் பிடித்து நிறுத்துகிறது. உயிருக்கென்று ஒரு குணம் உண்டு, அது சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கைச் சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பு, பச்சையில் வைத்தால் பச்சை. உலகத்தைச் சார்ந்தால் உலகமாகவும், சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் உயிர் நிற்கும்; ஆனால் பளிங்கு ஒருநாளும் துணி ஆகாது. அத்துவிதம் என்ற சொல்லுக்கு ஒன்றே என்று பொருள் இல்லை, பிரிந்து நில்லாமை என்றே பொருள் என்பது அவர்கள் வாதம். இதில் எனக்குப் பிடித்தது, வேடங்களைப் பற்றிய அவர்களுடைய நேர்மை. நாம் வேடங்களுக்குள் ஒளிந்திருக்கவில்லை. எதன் பக்கத்தில் இருக்கிறோமோ அதன் நிறம் ஏறும்படியே அமைந்திருக்கிறோம். அலுவலகத்தில் முப்பது ஆண்டு இருந்தவர் ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டில் எல்லோருக்கும் மெமோ கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோட்பாட்டுக்கு உரை வேண்டியதில்லை.

வைணவர்கள் இன்னொரு கோணத்தில் வந்தார்கள். நம்மாழ்வார் ஓரிடத்தில், இறைவன் எனக்குள் இருக்கிறான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அடியேன் உள்ளான்’ என்கிறார். உரைகாரர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ‘நான்’ நிற்க வேண்டிய இடத்தில் ‘அடியேன்’ நிற்கிறது என்றால், ஆன்மாவின் ஆழத்துப் பெயரே அடிமை என்பதுதான் என்றார்கள். எல்லா வேடங்களையும் கழற்றிய பிறகும் ஓர் உறவு மட்டும் கழலாது என்பது இதன் சாரம். வேடமே ஏறாத தன்மை ஒருமை என்று மேலே நான் பெருமையாகச் சொன்னதற்கும் இது ஒரு விதிவிலக்கு. வைணவ வீடுகளில் இன்றும் ‘அடியேன்’ அன்றாடப் பேச்சில் இருக்கிறது.

மாணிக்கவாசகர் இவர்கள் எல்லோரையும்விடக் கடுமையானவர். நாடகத்தால் உன் அடியார் போல் நடிக்கிறேன் என்று தன்னைத்தானே பிடித்துக்கொடுக்கிறார். ஆன்மிகம் என்பதே வேடங்களில் மிக நுட்பமானதாக ஆகிவிடும் என்பதைத் திருவாசகத்தின் ஆசிரியரே சொல்லிவிட்ட பிறகு, மற்றவர்கள் சற்று அடக்கி வாசிப்பது நல்லது.

வேடங்கள் பொய் என்றால் அவற்றை எப்படி ஆடுவது என்ற கேள்விக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்தில் ஒரு பதில் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துகிலுரியும் காட்சி வரும்போது, துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கைவைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பது பல ஊர்களில் வழக்கம். கேட்டுவிட்டு, இழுக்கிற இழுப்பில் எந்தக் குறையும் வைப்பதில்லை. தான் துச்சாதனன் இல்லை என்பது தெரிந்ததால் ஆட்டம் தளர்ந்துவிடவில்லை. அது தெரியாமல் ஆடினால்தான் ஆபத்து.

யோகவாசிட்டத்தில் ராமனுக்கு வசிட்டர் சொல்வதும் இதுதான்: உள்ளே தோற்றங்களற்ற நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஏற்ற வேடத்துக்கு ஏற்றபடி உலகில் விளையாடு. இதை ரமணர் உள்ளது நாற்பதின் அனுபந்தத்தில் சேர்த்தார். அவரே ஆடிய விதத்துக்கு ஆசிரமத்துச் சமையல்கட்டு சாட்சி. விடிவதற்கு முன் அங்கே வந்து காய் நறுக்குவார், அம்மியில் அரைப்பார், இலை தைப்பார். ஒரு பருக்கை வீணாவதையும் பொறுக்கமாட்டார். உலகம் தோற்றம் என்று எழுதியவர், கீரைத்தண்டைத் தூக்கி எறிந்தவரிடம் கணக்குக் கேட்பார்.

இதே கோட்பாட்டைச் சோம்பலுக்கும் அநீதிக்கும் குடையாகப் பிடித்தவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். எல்லோருக்குள்ளும் இருப்பது ஒரே ஆன்மா என்று மேடையில் சொல்லிவிட்டுச் சாதி என்ற வேடத்தை மட்டும் கழற்ற மறுத்த வரலாறு நீளமானது. ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஆசாரம் பார்க்கும் பிராமணர்களுக்கென்று ஒரு தடுப்பு இருந்தது. சங்கரரைப் பற்றிய காசிக் கதை இந்த முரண்பாட்டை முன்பே தொட்டுவிட்டது. விலகிப் போ என்று சொன்ன சங்கரரிடம் சண்டாளர் கேட்கிறார்: சோற்றால் ஆன ஓர் உடம்பை இன்னொரு உடம்பிலிருந்து விலகச் சொல்கிறீர்களா, அறிவை அறிவிலிருந்து விலகச் சொல்கிறீர்களா? எவ்வளவு கூர்மையான கேள்வி! ஆனால் கதை கடைசியில் பயந்துவிட்டது. வந்தவர் சாட்சாத் சிவனே என்று முடித்துவிட்டது. அவர் வெறும் சண்டாளராகவே இருந்திருந்தாலும் கேள்வி அதே கேள்விதானே?

நாராயண குரு பயப்படவில்லை. 1888-இல் கேரளத்து அருவிப்புறத்தில், கோயிலுக்குள் விடப்படாத மக்களின் சாமியாராக நின்று, தன் கையால் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். அவரும் அத்வைதிதான். 1916-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்தார். ஒரே உண்மையிலிருந்து ஒருவர் மலையில் அமர்ந்துவிட்டார், இன்னொருவர் தெருவில் இறங்கினார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் வேடம் கட்டிவிட்டது நாம் இல்லை, பிறர் நம் மேல் கட்டிவிட்டார்கள் என்றிருக்கும்போது, இரண்டாமவரின் வழி எனக்குச் சீக்கிரம் புரிகிறது.

வேடம் இல்லாதவரைச் சட்டம் என்ன செய்யும்? 1936-இல் அதுவும் நடந்தது. ஆசிரமத்தைப் பற்றிய ஒரு வழக்குக்காக ரமணரிடமே வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர், அதாவது வாழ்க்கையின் நான்கு நிலைகளில் எதில் இருக்கிறவர் என்பது ஒரு கேள்வி. பிரம்மசாரியா, இல்லறத்தானா, வானப்பிரஸ்தரா, சந்நியாசியா? அவர் முறைப்படி சந்நியாசம் வாங்கிக்கொண்டவர் அல்லர். ‘அதியாசிரமம்’ என்றார், நான்குக்கும் அப்பாற்பட்டது என்ற பொருளில். அப்படி வேறு யாராவது இருந்திருக்கிறார்களா என்று கேட்டதற்குச் சுகர், ரிஷபர், ஜடபரதர் என்று பெயர்களைச் சொன்னார். படிவத்தில் உள்ள நான்கு கட்டங்களில் ஒன்றிலும் டிக் விழவில்லை.

ஆனால் ஒரு கட்டத்தில் மட்டும், விரும்பியோ விரும்பாமலோ, அவர் பெயர் கடைசிவரை இருந்தது. 1898-இல் திருவண்ணாமலையின் பவளக்குன்றுக்கு வந்து வீட்டுக்கு வா என்று அழுத அம்மா அழகம்மாளுக்கு, நடவாதது முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எந்த அம்மாவும் மகனிடம் எதிர்பார்க்கிற கடிதம் அது இல்லை. 1916-இல் அம்மா மறுபடி வந்து, மகனோடேயே தங்கிவிட்டார். 1922 மே 19 அன்று, காலையிலிருந்து இரவு உயிர் பிரியும் வரை, மகன் ஒரு கையை அம்மாவின் தலையிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். மலையடிவாரத்தில் அம்மாவை அடக்கம் செய்த இடத்துக்கு அந்த ஆண்டின் கடைசியில் தானும் இறங்கிவந்து தங்கினார். இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது அந்தச் சமாதியைச் சுற்றித்தான். அங்கே எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949-இல் குடமுழுக்கு நடந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 14 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார்.

மதுரைச் சீட்டில் நான் சொல்லாமல் விட்ட இரண்டு வாக்கியங்கள் உண்டு. உன் காலேஜுக்குச் சம்பளம் இன்னும் கட்டவில்லை, ரூபாய் இரண்டு இதோடு கூட இருக்கிறது என்கின்றன அவை. தன்மை இருந்தால்தான் முன்னிலையும் உண்டு என்று பின்னாளில் வெண்பா எழுதியவர், தன்மை ‘இது’ ஆகிவிட்ட பிறகும் அந்தச் சீட்டில் ‘உன்’ என்று ஒரு சொல் எழுதியிருக்கிறார்.